அதியமானுக்கு ஓடிபி வரவில்லை

தருமபுரி மாவட்டத்து மருத்துவ வரலாற்றில் முதல் விதிமீறலைச் செய்தவர் சாதாரண ஆளில்லை, ராஜாவேதான். ஊருக்கு அப்போது தகடூர் என்று பெயர். மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை அதியமான் நெடுமான் அஞ்சி தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தார். தின்றால் என்ன ஆகும் என்று மூச்சுவிடவில்லை. அப்படிச் சொல்லாமல் கொடுத்ததைத்தான் புறநானூற்றில் ஔவையார் மெச்சுகிறார். இன்றைக்கு என்றால் விசாரணைக் கமிஷன். ஒப்புதல் படிவம் எங்கே? நோயாளியின் அடையாள எண் எங்கே? செல்போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னாரா? நோயாளி தெம்பாகப் பாடிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் கோப்பில் ஏறாது. டாக்டர்தான் பாவம், தகடூரை முற்றுகையிட்ட பெருஞ்சேரல் இரும்பொறையிடம் தோற்று மாண்டார். கைவசம் இருந்தது ஒரே டோஸ், அதையும் கொடுத்தாயிற்று.

மருந்துக்குக் கணக்கில்லாத காலம் அப்படிப் போக, கணக்குக்கு மருந்தில்லாத காலம் 1792இல் வந்தது. திப்பு சுல்தானிடமிருந்து தருமபுரி அடங்கிய பாராமகாலை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, கேப்டன் அலெக்சாண்டர் ரீடை அனுப்பியது. உதவிக்கு தாமஸ் மன்றோ. ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதினார்கள். குடிகள், பயிர், கனிமம், வரி என்று பகுதி பகுதியாகப் பிரித்து ஜில்லாவையே தாளில் ஏற்றினார்கள். நம் மாவட்டத்தின் முதல் ‘டேட்டா என்ட்ரி’ அதுதான். துரை நாடி பிடித்ததும் உண்மை. மடியில் எவ்வளவு கனம் என்று பார்க்கப் பிடித்தார். ஒரு விதி அப்போதே உறுதியானது: தகவல் மேலே ஏறும் வேகத்தில் மாத்திரை கீழே இறங்காது.

இந்த விதிக்கு அடங்காத இரண்டு பேர் 1990களின் தொடக்கத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவிலுள்ள சிட்லிங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி. ஆஸ்பத்திரி என்பது ஊர்க்காரர்கள் கட்டித்தந்த கூரைக் குடிசை. நவீனத் தொழில்நுட்பம் என்பது 100 வாட் பல்பு. அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 வரை முதல் வருஷத்திலேயே இறந்துகொண்டிருந்தன. இவர்கள் என்ன மென்பொருளை இறக்கினார்கள்? மலைவாசிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். இந்தப் பெண்களுக்கு பாஸ்வேர்டு கிடையாது, சர்வர் டவுன் ஆகாது, மாமியார் திட்டினாலும் லாக்-அவுட் ஆகமாட்டார்கள். சிசு மரணம் இருபதை ஒட்டி இறங்கியது.

தொழில்நுட்பம் என்றாலே இந்த மாவட்டத்துக்கு அலர்ஜி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கருவியை மட்டும் ஆரத்தி எடுத்து வரவேற்றோம். ஸ்கேன்! வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென 1994இல் சட்டம் வந்தது. சட்டத்துக்கு முன்னால் கருவி வந்துவிட்டது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான். அதே வருஷம் தொட்டில் குழந்தைத் திட்டமும் தருமபுரிக்கு வந்தது. 2022இல் கையடக்க ஸ்கேன் இயந்திரத்தோடு ஒரு கும்பலே இங்கே பிடிபட்டது. நடமாடும் சேவை, முன்பதிவு, உடனடி ரிசல்ட் என்று அரசாங்கம் திட்ட அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்த அத்தனையையும் அயோக்கியர்கள் முன்னாலேயே நடத்திக் காட்டிவிட்டார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. கர்ப்பிணிகளைக் கணினியில் பதிகிற பிக்மி வந்தது. 2017 அக்டோபரிலிருந்து அதில் கிடைக்கும் 12 இலக்க எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்றார்கள். பெயர் வைக்க ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், நம்பர் மட்டும் வயிற்றில் இருக்கும்போதே வந்துவிட வேண்டும். இதையெல்லாம் பதிந்தது யார்? நர்சம்மா. முதலில் நோட்டில் எழுதினார். பிறகு அதையே கணினியில் ஏற்றினார். காகிதமில்லா நிர்வாகம் வந்தபிறகு நர்சம்மாவின் பை மட்டும் ஏன் கனத்தது என்று எந்த ஆய்வுக் கூட்டத்திலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் வந்தபோதெல்லாம் மின்னணு வாக்கு இயந்திரமே கழுதை முதுகில்தான் ஏறியது. இருபத்தோராம் நூற்றாண்டின் மைக்ரோசிப்பை முதுகில் சுமந்துகொண்டு கழுதை நிதானமாக, எந்தக் கட்சிக்கும் சாயாமல் போனது. மலைப்பாதையில் 108க்கு அந்தத் திறமை இருக்கவில்லை. டிஜிட்டல் இந்தியாவின் கடைசிச் சில கிலோமீட்டரை நாலு கால்களை நம்பி விட்டிருந்தோம்; ஓட்டு மட்டும் தவறாமல் கீழே வந்து சேர்ந்தது.

2021இல் கொரோனா தடுப்பூசிக்குப் பதிகிற கோவின் தளம் வந்தது. 18 முதல் 44 வயதுக்காரர்கள் ஊசி போட முதலில் ஆன்லைனில் பதிய வேண்டியிருந்தது. மலையில் டவர் இல்லாதவர்கள் அதற்கும் முன்னால் டவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. ஜூன் மாதம் கோவினில் மாநில மொழிகளைச் சேர்த்தார்கள். தெலுங்கு இருந்தது, கன்னடம் இருந்தது, மலையாளம் இருந்தது. தமிழைக் காணோம்! சத்தம் போட்டபிறகு சேர்த்தார்கள். எல்லையோரத் தருமபுரியில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய. அந்த வாரம் மட்டும் அவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருந்தால் குற்றமில்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது, சாமனப்பள்ளியில். அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை நம் வீட்டுக்குள்ளேயே இருந்து, பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பி. மகளிர் குழுப் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்து, ஆப்பில் பதிகிறார்கள். சிட்லிங்கிக் குடிசையில் செய்த அதே வேலைதான். கையில் செல்போன் சேர்ந்திருக்கிறது. கால் அதே கால். செப்டம்பரில் டெல்லியிலிருந்து 14 இலக்கத்தில் இன்னொரு சுகாதார எண் வந்தது. ஆதாருக்கு 12, பிக்மிக்கு 12, இதற்கு 14. வியாதி என்னவோ பழைய சர்க்கரைதான்.

“பாட்டி, போன் நம்பர் சொல்லுங்க.”

“பேரன் பெங்களூர்ல இருக்கான், போன் அவங்கிட்ட.”

“ஓடிபி அதுக்குத்தான் போகும் பாட்டி.”

“போவட்டும் கண்ணு. மாத்திரையை எனக்குக் குடுத்துட்டுப் போ.”

ரீட் துரை காலத்திலிருந்து இதுவரை வந்த கணக்குகள் எல்லாம் ஒரே திசையில்தான் ஓடியிருக்கின்றன: கிராமத்திலிருந்து தலைமைச் செயலகத்துக்கு, அங்கிருந்து டெல்லிக்கு. மாத்திரை கொண்டுபோகிற பெண் எத்தனை வீடு பார்த்தாள், எத்தனை பேருக்குச் சுகர் ஏறியது, எத்தனை மணிக்குப் பதிந்தாள் என்பது வரை மேலே இருப்பவர்களுக்குத் திரையில் தெரியும். எதிர்த்திசையில் ஓடுகிற ஆப் ஒன்றையும் யாராவது எழுதினால் தேவலை. அதில் அதிகம் வேண்டாம். இந்த மாத ஊக்கத்தொகை எந்த மேசையில் நிற்கிறது, அந்த மேசைக்காரர் பெயர் என்ன, இவ்வளவும் நடந்து போகிற அந்தப் பெண்ணின் போனில் தெரிந்தால் போதும். ஓடிபியை அந்த மேசைக்காரரிடம் கேட்கலாம்.