இன்னொரு நூறு அடி

போர் போடப் போறியாமே மாப்ள? போடு, போடு. வண்டிக்காரனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குதல்ல. திருச்செங்கோட்டு வண்டி இந்தியா பூராவும் ஓடிப் பொழைக்கறதே உன்னாட்டத் தைரியசாலிகளாலதான்.

ஆயிரம் அடியில தண்ணி இல்லீன்னா வெசனப்படாத, இன்னொரு நூறு அடி இறக்கு. தமிழ்நாட்டுல முக்காவாசி பூமி பாறை. அதுல தண்ணி நிக்கறது மேல உக்கிப்போன பாறையிலயும் வெடிப்புலயும்தான். கீழ போகப் போக வெடிப்பு கொறையும். கொறஞ்சா என்ன, உனக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்காதா!

மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணி எறச்ச காலத்துல மாடு களைச்சு நின்னுரும், ராத்திரி கெணறு ஊறிக்கும். மோட்டாருக்குக் களைப்பேது? பண்ணயத்துக்குக் கரண்டும் இனாம். நீ அஞ்சு ஹெச்.பி. மாட்டுனா பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஏழரை மாட்டுவான். உன்ற கெணறு வத்தும். கடன் வாங்கி போர் போடுவ. கடனடைக்கக் காசு வர்ற பயிர் வேணுமல்ல, வாழை வெப்ப, மஞ்சள் வெப்ப. அதென்ன சோளமா, ரெண்டு மழைக்கு வாய மூடிட்டு வெளைய? தண்ணி தண்ணின்னு கேக்கும். மட்டம் இன்னும் எறங்கும். இப்ப வண்டிக்குப் போன் போடறது பக்கத்துத் தோட்டத்துக்காரன் மொறை.

இதத்தான் உன்ற மகன் காலேசுல நச்சுச் சுழல்னு படிச்சுட்டு வந்திருக்கறான். அந்தப் பய பஸ்ஸு வரலீன்னாக்கூட நச்சுச் சுழல்ங்கறான். பஸ்ஸு வராதது வெறும் கெரகம்டா. பட்ட கஷ்டத்துக்கு நாம பாக்கற வைத்தியமே அதே கஷ்டத்த மறுக்காப் பெத்துப் போட்டாத்தான் அது சுழல். யாராச்சும் ஒருத்தர் கையெடுத்தா வேகம் கொறையும். அந்த ஒருத்தர் மட்டும் நீயா இருக்கக்கூடாது, அப்படித்தானே?

இது அக்கட்டயும் சுத்தும் மாப்ள. குட்டை நெறஞ்சா கெணறு ஊறும், போர்ச் செலவு மிஞ்சும், கடன் இல்லாதவனுக்கு வாழை வெச்சே ஆகோணும்னு அவசரமில்ல, தண்ணி மட்டம் நிக்கும். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துல பவானித் தண்ணிய 1,045 குளங்குட்டைக்குக் கொண்டு வர்றதுக்கு 2024 ஆகஸ்டுல சுவிட்சைப் போட்டாங்களே, அதும் இதுக்குத்தான். நம்மூர்க் குட்டைக்கு மழைத்தண்ணி வர்ற பள்ளத்துல சீமைக்கருவேலம் ஆளுயரம் நிக்குது. போர் வண்டிக்கு எடுத்து வெச்ச பணத்துல கொஞ்சம் இருந்தா பொக்லைன் விட்டு வழிச்செடுத்தறலாம்.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால பக்கத்துத் தோட்டத்துக்காரனோட ஒருக்கா உக்காந்து பேசு. ரெண்டு பேரும் இந்த வருசம் மஞ்சளை விட்டுட்டு சோளம் வெதைங்க. அவன் ஒத்துக்க மாட்டான்னு எங்கிட்ட அளக்காத. உன்னப் பத்தி அவனும் நேத்து அதத்தான் சொல்லிட்டுப் போனான்.