தபாலில் போடக்கூடாத கேள்வி

பெயர் வேண்டாம், ஈரோடு: வெளியூருக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில், லாட்ஜில் ஒரு பெண்ணுடன் இருந்தேன். ஆணுறை கிழிந்திருந்ததைக் கடைசியில்தான் கவனித்தேன். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. எனக்கு எய்ட்ஸ் வந்துவிடுமா?

தம்பி, ஞாயிறு இரவு நடந்ததைத் திங்கள் எழுதி, செவ்வாய் தபாலில் போட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்தது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உங்கள் கணக்கில் அது புதன் இரவோடு முடிந்துவிட்டது. கடிதம் எழுதிய அன்றே அரசு மருத்துவமனைக்கு நடந்திருந்தால் பாதி கெடுகூடத் தாண்டியிருக்காது.

அதனால் உங்களுக்குத் தொற்று வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வராமல் போகவே வாய்ப்பு மிக அதிகம். இப்போது ஒரு பரிசோதனை, 45 நாள் கழித்து ஒன்று, மூன்று மாதம் முடிந்ததும் ஒன்று. அதுவரை வீட்டில் ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். இதையே உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். இங்கே அச்சிடுவது, நாளைக்கு இதே நிலையில் பேனாவை எடுக்கப்போகும் இன்னொருவருக்காக.

கல்லூரி மாணவி, கோவை: 72 மணி நேர மாத்திரைதானே? மருந்துக் கடையிலேயே கிடைக்கிறதே. தோழி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

எண் ஒன்றுதான், மாத்திரை வேறு. உங்கள் தோழி போட்டது கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரை. அது கிருமியைத் தொடவே தொடாது. எச்.ஐ.வி.க்கானதை மருத்துவர்கள் ‘பெப்’ என்பார்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக வருகிறது. தினம் ஒன்று, 28 நாள். அது கர்ப்பத்தைத் தடுக்காது. ஒரே இரவில் இரண்டு கவலை வந்தால் இரண்டுக்கும் தனித்தனி மருந்து வேண்டும். தோழிக்கு இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓர் அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்: அது ஏன் சரியாக 72 மணி? ஏன் 28 நாள்? யார் கணக்கிட்டது?

கிருமி உடலுக்குள் நுழைந்ததும் ரத்தத்தில் கலந்துவிடுவதில்லை. முதலில் நுழைந்த இடத்திலுள்ள செல்களில் ஒட்டுகிறது. அங்கிருந்து நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. பிறகுதான் உடல் முழுதும் பரவுகிறது. இந்தப் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வழியில் மறித்தால் உண்டு. ஊருக்குள் குடியேறிவிட்டால் வெளியேற்ற முடியாது.

மறிக்க முடியும் என்பதைக் குரங்குகள் காட்டின. 1990களில் அமெரிக்காவில், குரங்குகளைத் தாக்கும் இதே இனக் கிருமியை ஊசியில் ஏற்றி, 24 மணி நேரத்தில் டெனோஃபோவிர் கொடுக்கத் தொடங்கினார்கள். 28 நாள் மருந்து பெற்றவை எல்லாம் தப்பின. 10 நாளில் நிறுத்தப்பட்டவற்றில் பாதிதான் தப்பின. 3 நாளோடு நிறுத்தப்பட்டவற்றில் ஒன்றுகூட முழுதாகத் தப்பவில்லை. மருந்தை 48 மணி, 72 மணி என்று தள்ளித் தொடங்கியபோது பலன் குறைந்தது. மனிதர்களிலும் சான்று உண்டு. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களில், ஸிடோவுடின் என்ற பழைய மருந்தை உட்கொண்டவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைந்ததாக 1997இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆகவே 72 என்பது கடைசி பஸ். முதல் பஸ்ஸிலேயே ஏறுவதுதான் நல்லது.

எம்., மதுரை: ஒரே ஒரு தடவைதான். ஒரு தடவையில் வருமா?

வரலாம், பெரும்பாலும் வராது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ளவருடன் ஆணுறை இல்லாமல் 10,000 முறை உறவு நடந்தால் எத்தனை முறை தொற்றும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கு வைத்திருக்கிறது. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்குச் சுமார் 8, ஆணுக்குச் சுமார் 4. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்குச் சுமார் 138, மற்றவருக்கு 11. பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் இந்த எண்கள் ஏறும்.

எண் சிறியது என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தொற்றியவர்களிலும் ‘ஒரே ஒரு தடவைதான்’ என்பவர்கள் உண்டு.

ஆர்., திருப்பூர்: முத்தம் கொடுத்தேன். மசாஜ் செய்துகொண்டேன். சலூனில் கன்னம் கீறியது. கொசுவும் கடித்தது. பெப் போடட்டுமா?

வேண்டாம். நான்குக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வேண்டாம். எச்.ஐ.வி. பரவும் வழிகள் குறைவு: பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. எச்சில், வியர்வை, கண்ணீர், ஒரே தட்டு, ஒரே கழிப்பறை, கொசு எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சலூனில் புது பிளேடு கேளுங்கள். அது வேறு நோய்களுக்காகவும் நல்ல பழக்கம்.

பெயர் வேண்டாம், சேலம்: எங்கே போவது? யாராவது பார்த்துவிட்டால்?

பகலில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம். இரவிலோ விடுமுறையிலோ என்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே சுற்றி வளைக்காமல், “எச்.ஐ.வி. தொற்று வாய்ப்பு, இத்தனை மணி நேரம் ஆகிறது, பெப் வேண்டும்” என்று சொல்லுங்கள். அங்கே தாமதமானால் காத்திருக்காமல் தனியார் மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்குங்கள். இந்த மாத்திரை இந்தியாவிலேயே தயாராகிறது. முதலில் உங்கள் ரத்தத்தைச் சோதிப்பார்கள். எச்.ஐ.வி. மட்டுமல்ல, மஞ்சள் காமாலை பி வகை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். ஆனால் ரிசல்ட் வரட்டும் என்று முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

பரிசோதனை மட்டும் போதும் என்றால், அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பலகையைத் தேடுங்கள். சோதனை இலவசம், ஆலோசகரும் இருப்பார். வழி தெரியாவிட்டால் 1097க்குப் போன் செய்யுங்கள்; கட்டணம் இல்லை.

யாராவது பார்ப்பதைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. உங்கள் நிலையை மற்றவர்களிடம் சொல்லவும் கூடாது. தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால், அவரும் மருத்துவமனைக்குத்தான் வந்திருக்கிறார்.

எஸ்., நாகர்கோவில்: பெப் தொடங்கி ஐந்து நாள் ஆகிறது. குமட்டல், தலைவலி. நிறுத்திவிடலாமா?

குரங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள்: பத்து நாளில் விட்டால் பாதிப் பாதுகாப்பு. குமட்டல் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தணியும். சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பில் தடிப்போ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை டோலுடெக்ராவிரை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். முதலில் பெப், இரண்டு மணி நேரம் கழித்து மற்றவை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்தோ எடுப்பவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கே., காரைக்குடி: டெஸ்ட்டுக்குப் போக வெட்கம். ரத்த தானம் செய்தால் அவர்களே சோதித்துவிடுவார்களே?

கூடவே கூடாது. தொற்றிய முதல் சில வாரங்களில் கிருமி ரத்தத்தில் இருக்கும், சோதனையில் சிக்காமலும் போகலாம். அந்த ரத்தம் பிரசவத்தில் கிடக்கும் ஒரு தாய்க்கு ஏறினால்? ரத்தம் வழியாகத் தொற்றும் வாய்ப்பு உடலுறவைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் வெட்கத்துக்கு அவள் விலை கொடுக்கக் கூடாது. சந்தேகம் தீரும்வரை தானம் வேண்டாம்.

வெளிநாட்டில் வேலை, சொந்த ஊர் தென்காசி: ஒன்பது மாதமாக ஏழு டெஸ்ட் எடுத்துவிட்டேன். எல்லாம் நெகட்டிவ். ஆனால் காய்ச்சல் வந்தாலோ தொண்டை கரகரத்தாலோ மறுபடி பயம். எட்டாவது எந்த லேபில் எடுப்பது?

எட்டாவது வேண்டாம். மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்த ஒரு நெகட்டிவ் ரிசல்ட்டே முடிவு. உங்களிடம் அது பலமுறை வந்துவிட்டது. எச்.ஐ.வி. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வரும் என்பது உண்மை. சளிக்கும் டெங்குவுக்கும் அதே அறிகுறிதான். அறிகுறி பார்த்து யாரும் எச்.ஐ.வி.யைச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும். உங்கள் ரத்தம் சொல்லிவிட்டது.

உங்களை வாட்டுவது கிருமி அல்ல, குற்ற உணர்ச்சி. ‘தப்பு செய்தேன், தண்டனை வந்தே தீரும்’ என்று மனம் காத்திருக்கிறது. கிருமிக்கு நியாய அநியாயம் தெரியாது. அது தண்டிக்க வருவதும் இல்லை, மன்னித்து விடுவதும் இல்லை. லேபுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு மனநல மருத்துவருக்குக் கொடுங்கள். ஊருக்கு வரும்போது 14416க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண். இதுவும் நோய்தான், இதற்கும் சிகிச்சை உண்டு.

ஓர் அக்கா, விழுப்புரம்: என் தங்கையிடம் ஒருவன் பலவந்தமாக நடந்துகொண்டான். போலீசுக்குப் போகவே நடுங்குகிறாள். அதுவரை மருத்துவமனையில் பார்க்க மாட்டார்களா?

பார்த்தே ஆக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. காவல்துறைக்கு மருத்துவமனை தகவல் தரும், ஆனால் எஃப்.ஐ.ஆர். வரும்வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது. பெப், கர்ப்பத் தடுப்பு, காயத்துக்கு மருந்து எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அவள் தனியாகப் போக வேண்டாம், நீங்கள் கையைப் பிடித்துக் கூட இருங்கள். நடந்ததில் அவள் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதை முதலில் உங்கள் வாயால் அவள் கேட்கட்டும்.

பொதுவாசகர், விருதுநகர்: அந்தக் காலத்தில் சுவரெல்லாம் கேட்டார்களே, கடைசியில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வந்ததா இல்லையா?

இருபது ஆண்டுகளுக்கு முன் சுவர்களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி பளபளத்தபோது ஏழைக்கு மருந்து எட்டாக் கனி. 2004 ஏப்ரல் 1 அன்றுதான் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. இன்றைய புள்ளிராஜாவுக்கு நாம் போட வேண்டிய கேள்வி வேறு: எத்தனை மணி நேரம் ஆச்சு?

டி., வேலூர்: இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டுபிடித்ததில் எங்கள் ஊருக்குப் பங்கு உண்டாமே?

உண்டு. 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்ல, பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். சேமித்து வைக்க வசதியில்லாமல் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, பிறகு ஐஸ் பெட்டியில் போட்டு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். உங்கள் ஊர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில்தான் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரிந்தன. நம் நாட்டுக்கு அப்படியொரு நோய் வராது என்று பலரும் சொன்ன நாள்களில், சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றவர்கள் அவர்கள்.

வி., கடலூர்: எனக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஒவ்வொரு முறையும் பெப் போடலாமா?

அடிக்கடி என்றால் உங்களுக்கு வேண்டியது ‘பிரெப்’. முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரை. மருத்துவரின் மேற்பார்வையில், சோதனை செய்துகொண்டே எடுக்க வேண்டும். ஆணுறையை அதற்காக விட்டுவிடாதீர்கள். மேகப்புண்ணையும் வெட்டை நோயையும் பிரெப் தடுக்காது.

பெயர் வேண்டாம், திருச்சி: ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்?

வாழ்வீர்கள். மாத்திரையை விடாமல் எடுத்தால் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கும். அடங்கிய நிலையில் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 782 ஆண் ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்து எடுத்துக் கிருமி அடங்கிய நிலையில், ஆணுறை இல்லாத 76,000க்கு மேற்பட்ட உறவுகளில் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2019இல் வந்த முடிவு இது. கல்யாணம், குழந்தை, வேலை எதற்கும் இது முற்றுப்புள்ளி இல்லை. சோதித்துத் தெரிந்துகொண்டவர் மருந்தால் பிழைக்கிறார்; தெரியாமல் இருப்பவருக்குத்தான் ஆபத்து.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் யாருக்காவது, நேற்றோ முந்தாநாளோ நடந்த ஒன்று நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தால்: எனக்கு எழுத வேண்டாம். செல்போனில் தேடிக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கவும் வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். திரும்பி வந்து நிதானமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.