கொசுறு

மதுரை மேலமாசி வீதி முக்கு. மடியில் உதிரி மல்லியோடு அத்தை. எதிரே மருமகன்: மென்பொருள் கம்பெனியில் டீம் லீடர், 'செல்வாக்குத் திறன்' வகுப்பில் மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தவன். (சான்றிதழை லேமினேட் செய்து கையோடு கொண்டுவந்திருந்தான்.)

மருமகன்: செல்வாக்கு இப்ப சயின்ஸ் அத்தை. 1984ல சியால்டினின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் ஆறு சூத்திரம் எழுதினார். 2016ல ஏழாவது ஒண்ணு சேர்த்தார்.

அத்தை: அத்தனை வருஷம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்.

மருமகன்: முதல் சூத்திரம் உங்க தொழில்தான். அப்பல்லாம் அங்க ஏர்போர்ட்டுல ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்காரங்க, போறவங்க கையில பூவைத் திணிப்பாங்க. திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டாங்க. அப்புறம் நன்கொடை கேப்பாங்க. கை கூசிக் காசு வந்துரும்.

அத்தை: பூ என்னாகும்?

மருமகன்: குப்பைத் தொட்டிக்குப் போகும். அதைப் பொறுக்கி அடுத்த ஆளுக்குக் குடுப்பாங்க.

அத்தை: அடப்பாவி! நானும் சாண் பூ சும்மா குடுக்குறவதான். காசை வாங்கிப் போட்ட பெறகு குடுப்பேன். அதுக்குப் பேரு கொசுறு. காசுக்கு முன்னாடி குடுத்தா அது எலிப்பொறியில வச்ச கருவாடு.

மருமகன்: ஜனங்களும் பின்னாடி அவங்களைக் கண்டாலே சுத்திப் போனாங்களாம்.

அத்தை: போவாங்கள்ல. ஆபீஸ்ல உன் சூத்திரம் பலிச்சுச்சா?

மருமகன்: 'பக்கத்து டீமே சனிக்கிழமை வருது'ன்னு அடிச்சு விட்டேன். மூணாவது சூத்திரம், நாலு பேர் செஞ்சா நாமளும் செய்வோம்கிறது. அந்த டீம் லீடரும் அதே வகுப்புல என்கூடப் படிச்சவன். அவன் எங்களைக் காட்டிச் சொல்லியிருக்கான். சனிக்கிழமை போனா நாங்க ரெண்டு பேரு மட்டும் உக்காந்திருக்கோம்.

அத்தை: வந்த விஷயத்தைச் சொல்லு.

மருமகன்: என் பொண்டாட்டி கவிதாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசணும். டேல் கார்னகின்னு ஒருத்தர், 1936லயே சொன்னார், அவங்கவங்க பேருதான் அவங்கவங்க காதுக்கு இனிப்புன்னு. அதான் "கவிதா, ரசம் பிரமாதம் கவிதா, இன்னொரு கரண்டி கவிதா"ன்னேன். "எங்கிட்ட என்னத்த மறைக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டுத் திருமங்கலத்துக்கு பஸ் ஏறிட்டா.

அத்தை: அந்தாளுக்கு அவர் பேரு இனிச்சுச்சாமா?

மருமகன்: ஸ்பெல்லிங்கை மாத்திக்கிட்டார். எஃகுக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி எழுதுற மாதிரி.

அத்தை: நல்ல குருதான்.

மருமகன்: நீங்க சொன்னா கேப்பா அத்தை.

அத்தை: கேப்பா. அவ அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பத்து ராத்திரி வெறுந்தரையில படுத்துக் கெடந்தேன். அதைக் கொண்டுபோய் உன் ரசத்துக்குச் செலவழிக்கச் சொல்றியா?

மருமகன்: அத்தை! அதுதான் முதல் சூத்திரம்!

அத்தை: செருப்பு பிஞ்சிரும். அஞ்சு முழம் வாங்கிக்கிட்டு நேர்ல போய் நில்லு. நாளைக்கு முகூர்த்தம், முழம் அறுபது.

மருமகன்: எனக்குமா?... ஆறாவது சூத்திரம், தட்டுப்பாடு. (முந்நூறை எண்ணி நீட்டுகிறான்.) சரி, கொசுறு?

அத்தை: பேரைச் சொல்லாம நாலு வார்த்தை பேசிக் கூட்டிட்டு வா. அவ தலைக்கு வைக்கிறேன்.