பித்தளைக் கேப்டன்

ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். 1801இல் அதை நிறுவிய காதர் முகைதீன் காலத்துச் சூலியா வணிகர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வந்தது பாய்க்கப்பலில். எஞ்சின் கிடையாது. என்னிடமோ பாயும் இருக்கிறது, 1980களின் டீசல் எஞ்சினும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தின் நட்ட நடுவில் அசையாமல் நின்ற பெருமை எனக்கு உண்டு.

பாய் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். எழுந்தால் 'சுமத்ரா' என்று பெயர் வாங்கிய சூறையாக, பின்னிரவிலோ விடியலிலோ வந்து புரட்டி எடுக்கும். மற்ற நேரமெல்லாம் டீசல்தான் கதி. எஞ்சின் வேலை தெரியாதவன் இங்கே பாய்மரப் படகு வாங்கக் கூடாது. நான் வாங்கினேன். மெக்கானிக் கூலி மிச்சம் என்று ஸ்பேனரையும் நானே எடுத்தேன்.

முதலில் எஞ்சின் கொதித்தது. கடல்நீரை உள்ளே இழுக்கும் பம்புக்குள் இம்பெல்லர் என்று ரப்பர் சக்கரம் ஒன்று சுழலும். திறந்து பார்த்தால் பாதி இதழ்களைக் காணோம். புதிதை மாட்டி, தோளைத் தட்டிக்கொண்டேன். மறுபடி கொதித்தது. கடைசியில் கூப்பிட்டுவந்த மெக்கானிக் தம்பி ஒரே கேள்வி கேட்டார்: "அண்ணே, உடைஞ்ச இதழெல்லாம் எங்கே போச்சுன்னு பார்த்தீங்களா?" அவை குழாய் வழியே போய், எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயை அடைத்துக்கொண்டு சுகமாக இருந்தன.

அடுத்து டீசல் ஃபில்டர். மாற்றினால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கென்று உள்ள திருகைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். எஞ்சின்தான் ஸ்டார்ட் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன நுரை? குழாயில் மிச்சமிருந்த டீசல், என்னைப் படகுத்துறையிலிருந்து பத்திரமாகப் பெர்ரியின் பாதைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் தீர்ந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த பெர்ரி ஹாரன் அடித்தது. பயணிகள் கையாட்டினார்கள். வேண்டுமென்றே அங்கே நிற்பவன் மாதிரி நானும் கையாட்டினேன். கட்டி இழுத்துவந்த மீன்படகுக்காரர் காசு வாங்கவில்லை; வழியெல்லாம் சிரித்தே கணக்கை நேர்செய்துகொண்டார்.

படகின் அடியில் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். உப்புநீரின் மின்வேதி அரிப்பு புரொப்பெல்லரை விட்டுவிட்டு அதைத் தின்னட்டும் என்பது ஏற்பாடு. படகைக் கரையேற்றி அடிப்பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது, அந்தக் கட்டி அசிங்கமாகத் தெரிகிறதே என்று அதற்கும் சேர்த்து அடித்தேன். பெயிண்ட் மூடிய துத்தநாகத்தால் எந்தப் பயனும் இல்லை. கட்டி கடைசிவரை புத்தம்புதிதாக இருந்தது, புரொப்பெல்லர் இருக்கவில்லை.

இவையெல்லாம் சில்லறை. பெரிய சங்கதி கழிப்பறையில். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் குழாயின் உட்புறம் சுண்ணாம்புக் கல்லாகப் படியும். அவ்வப்போது வினிகர் ஊற்றினால் கரையும். விட்டுவிட்டால் குழாயைக் கழற்றி, வண்ணான்துறைத் துணி போலச் சிமெண்டுத் தரையில் அடித்து உதிர்க்க வேண்டும். கழற்றுமுன் படகின் அடியில் உள்ள வால்வை மூட வேண்டும். அந்த வால்வு நான் மாட்டியது. பீச் ஸ்ட்ரீட்டின் தெற்குக் கோடியில் இரும்புச் சாமான் கடையில் வாங்கியது. "வீட்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். படகுக்கு என்றால் விலை ஏறுமே! "ஆமா" என்றேன். பித்தளையைக் கொடுத்தார்.

பித்தளையில் துத்தநாகம் உண்டு. கடல்நீர் அதை உறிஞ்சிவிட, மிஞ்சும் செம்பு இளஞ்சிவப்பாகி உதிரும். அதனால்தான் படகுக்கு வெண்கலம். தட்டிய ஓசையிலேயே வெண்கலப் பானையையும் பித்தளைப் பானையையும் பிரித்துச் சொன்ன பாட்டியின் பேரன் நான். கைப்பிடியைத் திருகினேன், வால்வு கழுத்தோடு கையில் வந்தது. நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குல ஓட்டை இருந்தால், நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். கைக்கு அகப்பட்டது இடுப்பில் இருந்த கைலிதான். அதைச் சுருட்டி அடைத்துவிட்டு, பக்கத்துப் படகுக்காரரை எந்தக் கோலத்தில் கூப்பிட்டேன் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகிறேன். என் மனைவி இன்னும் விடவில்லை.

பழைய படகு வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். நீர்மட்டத்துக்கு மேலே உள்ளதை நீங்களே கெடுத்துப் பழகுங்கள். அதில் அவமானம் மட்டுமே நஷ்டம். கீழே உள்ளதில் கஞ்சத்தனம் வேண்டாம். வெண்கல வால்வு வாங்குங்கள், வேலை தெரிந்தவரை வைத்து மாட்டுங்கள். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் வாய்க்குப் பொருந்தும் மென்மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். சில வெள்ளிதான். நல்ல கைலியைவிட மலிவு.