மூணாம் நம்பர்

(கரிநாள். திண்டிவனத்தில் மெக்கானிக் கடையெல்லாம் பூட்டு. மாமனார் வீட்டு ஷெட்டில் நாலு நாளாக நின்ற மாப்பிள்ளையின் கார், ஸ்டார்ட் செய்ததும் கால் குட்டையான கட்டில் மாதிரி ஆடுகிறது.)

மாமனார்: என்ன மாப்ளே, வண்டிக்குக் குளிர்சுரமா?

மாப்பிள்ளை: மிஸ்ஃபயர் மாமா. ஸ்கேனர் சொருகினேன். பி0303. மூணாவது சிலிண்டர் எரியல.

மாமனார்: அதுவே சொல்லிடுச்சா! எங்க அம்பாசிடர்ல, ஓடுற இன்ஜின்ல பிளக் வயரை ஒண்ணொண்ணா புடுங்குவோம். புடுங்கினதும் இன்னும் திணறினா அது நல்ல சிலிண்டர். ஒண்ணுமே ஆகலையா, அதான் களவாணி.

மாப்பிள்ளை: ஷாக் அடிக்காதா?

மாமனார்: முழங்கை வரைக்கும் அடிக்கும். பேசாம இப்படியே மெதுவா சென்னைக்கு ஓட்டிடுங்களேன்.

மாப்பிள்ளை: ஐயோ, இன்ஜின் லைட் மின்னுது மாமா. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும். அது வெந்துபோனா என் போனஸ் காலி. நாலு காயில், நாலு இரிடியம் பிளக் போன்ல கார்ட்ல போட்டுட்டேன். 10,800 ரூபா.

மாமனார்: படுத்தது ஒருத்தன். குடும்பத்துக்கே எதுக்கு ஊசி?

மாப்பிள்ளை: வீடியோல அப்படித்தான் சொன்னாங்க.

மாமனார்: அவரு காயில் விக்கிறவரா? மூணாவது காயிலைக் கழட்டி ஒண்ணாவதுல போடுங்க, ஒண்ணாவதை மூணுல. காயில் கெட்டிருந்தா கோளாறும் அதுகூடவே இடம் மாறும்.

(10 மி.மீ. போல்ட் ரெண்டைக் கழற்றி மாட்ட 40 நிமிடம். அதில் 25 நிமிடம், கீழே விழுந்த போல்ட்டைத் தேடியது.)

மாப்பிள்ளை: மாமா, 0301 வரல. இன்னும் 0303தான்!

மாமனார்: அப்ப காயில் உத்தமன். பிளக்?

மாப்பிள்ளை: அதையும் மாத்திப் பாத்துட்டேன். மிச்சம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன், வயரிங், ஈசியூ. ஈசியூவை கார்ட்ல போடட்டுமா?

மாமனார்: காசு கேக்காததை முதல்ல பாப்போம். டார்ச்சை இங்க அடிங்க.

(மூணாவது காயிலுக்குப் போகும் வயர். மேலே சுற்றிய கறுப்பு டேப் பிய்ந்து கிடக்கிறது. உள்ளே ஒரு வயர் முக்கால்வாசி அறுந்து, செம்புக் கம்பி மயிர் மயிராக நிற்கிறது. பக்கத்தில் கருஞ்சீரகம் மாதிரி நாலைந்து புழுக்கை.)

மாப்பிள்ளை: எலி!

மாமனார்: ஸ்கேனர்ல எலிக்குன்னு ஒரு நம்பர் கிடையாதா மாப்ளே? சரி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. சால்டரிங் வெச்சு டேப்பைச் சுத்துவோம்.

(அரை மணி நேரத்தில் இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. மாப்பிள்ளை கார்ட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்கிறார். பம்பருக்கு அரையடி தள்ளி ஒரு சாக்கு மூட்டை. அடியில் ஓட்டை, தரையெல்லாம் வேர்க்கடலைத் தோல்.)

மாப்பிள்ளை: மாமா, இந்த மூட்டை எப்ப வந்துச்சு?

மாமனார்: போகியன்னிக்கு. உங்களுக்காகத்தான் வரவழைச்சேன். டிக்கியைத் திறங்க, ஏத்திடலாம்.