ஆறு மாத ஆசாமி

பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாய் நிற்கும் கண்ணாடி மாளிகைகளில் எதற்குள் நுழைந்து பார்த்தாலும், காதில் ஹெட்செட்டும், கண்ணில் நித்திரைப் பாக்கியும், இந்த உத்தியோகம் தமக்குத் தாற்காலிகமே என்று பறைசாற்றும் ஒருவித ராஜகுமாரத் தோரணையுமாக வீற்றிருக்கும் ஓர் ஆசாமியை நிச்சயம் தரிசிக்கலாம். கடல் கடந்த தேசத்தார் மறந்துபோன பாஸ்வேர்டுகளை மாற்றிக் கொடுப்பதும், அச்சடிக்க மறுக்கும் பிரிண்டர்களைத் தூரத்திலிருந்தே சமாதானம் செய்வதும், வி.பி.என். அறுந்துவிட்டதென்று அலறுகிறவர்களுக்கு அபயம் அளிப்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் திறந்து கெடுவுக்குள் மூடுவதுமே அவருடைய தொழில். ஆனால் என்ன உத்தியோகம் என்று யாராவது விசாரித்துவிட்டால் இதில் ஒன்றையும் சொல்லமாட்டார். “இப்போதைக்கு சப்போர்ட்லதான் சார் இருக்கேன், ஆறு மாசத்துல நெட்வொர்க் பக்கம் போயிடுவேன்” என்பார்.

இந்த ஆறு மாதம் எந்தப் பஞ்சாங்கத்துக்கும் கட்டுப்படாதது. வேளச்சேரிப் பயிற்சி நிலையம் ஒன்றில் பணம் கட்டி, சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. பரீட்சைக்காக ஓ.எஸ்.ஐ. அடுக்குகள் ஏழையும் நெட்டுருப் போட்டார், தேறியும் விட்டார். அதற்குள் உலகம் கிளவுடுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு அமேசானின் பரீட்சைக்குப் போனார். அங்கிருந்து செக்யூரிட்டிக்குத் தாவினார். இத்தகைய சான்றிதழ்களுக்கு ஆயுள் மூன்று வருஷமே என்று வழங்குகிறவர்களே விதித்திருப்பதால், கடைசிச் சான்றிதழ் கைக்கு வருமுன் முதலாவது காலாவதியாகிவிட்டது. அவருடைய தந்தையார் அதை லாமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருப்பதைக் கழற்றச் சொல்ல மட்டும் இன்றுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எந்த வித்தையைத் தேடி இத்தனை பிரயத்தனம் செய்கிறாரோ அதில் பாதி ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. அதை வித்தை என்று ஒப்புக்கொள்ளத்தான் அவருக்கு மனம் இல்லை. “ரீஸ்டார்ட் செய்தீர்களா?” என்று கேட்டால், எந்தத் தேசத்தைச் சேர்ந்தவரும் “செய்தேனே” என்றுதான் சாதிப்பார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலோ, அந்த இயந்திரம் 19 நாட்களாக ஓய்வின்றி ஓடிக்கொண்டிருப்பதாகச் சாட்சி சொல்லும். மற்றவர்கள் அந்தக் கணமே எதிராளியைப் பொய்யர் என்று தீர்மானித்துவிடுவார்கள். நம்மவரோ, விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற ஏற்பாடு இருக்கும்வரை, ஷட்டவுன் செய்தாலும் அதன் கர்னல் முற்றிலும் அணைவதில்லை என்பதையும், தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதைக் கொண்டே கண் விழிக்கிறது என்பதையும், ரீஸ்டார்ட் என்பதை அழுத்தினால்தான் அதற்கு மறுஜன்மம் என்பதையும் அறிந்தவராகையால், மனிதரின் சத்தியத்துக்கும் பங்கமின்றி, இயந்திரத்தின் சாட்சியத்துக்கும் பழுதின்றித் தீர்ப்பு வழங்குவார். நேர்முகப் பரீட்சையில் இதை அவர் சொல்லியிருக்கலாம். பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் என்னவெல்லாம் நடக்கிறது என்று பரீட்சகர்கள் வாய்ப்பாய்க் கேட்டபோது, டி.என்.எஸ். தகராறுகளை இரவெல்லாம் தீர்த்த அந்தப் புண்ணியவான், ஏழு அடுக்குகளை மேலிருந்து கீழாகவும், கேளாமலே கீழிருந்து மேலாகவும் ஒப்புவித்துவிட்டு வந்தார்.

எப்படியோ ஒரு நாள் செக்யூரிட்டி அனலிஸ்ட் ஆனார். தெரு முழுவதும் ஜாங்கிரி வழங்கப்பட்டது. புதிய இடத்தில் சுவரளவு திரைகளில் எச்சரிக்கைகள் மின்னிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, பெரும்பாலானவை வீண் பீதி என்று கண்டு, அதற்கொரு டிக்கெட் போட்டு, கெடுவுக்குள் மூட வேண்டும். இரவு முறையும் உண்டு. இந்த ஒற்றுமையை அவரிடம் சுட்டிக் காட்டுவது நாகரிகம் அல்ல.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரை காட்டிச் சாய்ந்தன. நம் விமான நிலையங்களில்கூடப் பிரயாணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுந்திராத இயந்திரத்தைத் தூரத்திலிருந்து தொட முடியாது; ஒவ்வொன்றின் எதிரிலும் ஒருவர் போய் உட்கார்ந்து, பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்கங்களைத் தப்பின்றி அடித்து, சேஃப் மோடில் எழுப்பி, ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். பெரிய பெரிய பட்டங்கள் கொண்டவர்கள் எல்லாம் கைபிசைந்து நிற்க, நம்மவர் சற்றுத் தயங்கினார். பதவியின் கௌரவத்தை எண்ணித்தான் தயங்கியிருக்க வேண்டும். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். அன்று மாலைக்குள் அவர் உயிர்ப்பித்த இயந்திரங்களுக்குக் கணக்கில்லை. காலையில் வாங்கிய காபி ஆடை படர்ந்து மேஜையிலேயே கிடந்தது. மனிதர் முகத்திலோ, ஜாங்கிரி வழங்கிய அன்றுகூடக் காணாத களை.

வருஷாந்திர மதிப்பீட்டில் இதை முதல் வரியிலேயே எழுதும்படி மேனேஜர் மிகவும் வற்புறுத்தினார். நம்மவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அது மட்டும் வேண்டாம் சார்; சப்போர்ட் ஆளுன்னு நெனச்சுடுவாங்க” என்றார்.