காய்ந்த காவிரிக்கும் தி உண்டு

யானைக்கு ஆன் போட வேண்டும் என்பதில் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் கிடையாது. ஆப்பிளுக்கும் குடைக்கும் அப்படித்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆன் ஆப்பிள், ஆன் எலிஃபென்ட், ஆன் அம்ப்ரெல்லா என்று ஒப்பித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். பாடப்புத்தகம் போட்டவர்கள் இந்த மூன்றோடு நிறுத்தியிருந்தால், யானைமேல் ஏறிக் குடை பிடித்து ஆப்பிள் தின்றபடியே ஒரு பிள்ளை முழு ஆண்டுத் தேர்வைத் தாண்டிப் போயிருக்கும். அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த பக்கத்தில் ஹவரை வைத்தார்கள். அதற்கும் அடுத்த பக்கத்தில் யூனிவர்சிட்டி.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. கணக்கு, அறிவியல் எல்லாம் உண்டு என்றாலும் அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவது இங்கிலீஷுக்காக. திண்ணையின் மறுகோடியில், ஈசிசேரில், என் அப்பா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பேப்பர் படிக்கிற பாவனையில் என் பாடத்தைத் திருத்துவது அவருடைய பொழுதுபோக்கு.

ஹவரில் எச் இருக்கிறது, வாயைத் திறக்காது, அதனால் ஆன். யூனிவர்சிட்டி யூவில் ஆரம்பித்தாலும் வாயில் வருவது 'ய' ஓசை, அதனால் ஏ. "எழுத்தைப் பார்க்காதீங்க, சத்தத்தைக் கேளுங்க" என்று சொல்லிவைத்தேன். இலக்கணப்படி இது நூற்றுக்கு நூறு சரி. நம் ஊரில் இதைச் சொல்வதில்தான் ஆபத்து. முன்பல் விழுந்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் உண்மையாகவே சத்தத்தைக் கேட்டுவிட்டான்.

"மிஸ், அப்போ யானைக்கும் ஏ தானே?"

"ஏண்டா?"

"நீங்க 'யெலிஃபென்ட்'னுதானே சொல்றீங்க? யூனிவர்சிட்டி மாதிரியே ய வருதுல்ல?"

பேப்பர் கீழே இறங்கியது. "பையன் சரியாத்தாம்மா சொல்றான். நம்ம வாயில எலியே யெலிதான். ஒண்ணு வொண்ணுதான். நீ யெலிஃபென்ட்னு சொன்னா ஏ போடு. ஆன் போடணும்னா முதல்ல வாயைத் திருத்து" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அப்பா மறுபடி பேப்பருக்குள் போனார். அன்று முழுக்க நான் 'எ' என்பதை ய கலக்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் கணவர் விக்கலா என்று கேட்டார்.

சத்தத்தின் சட்டம் எழுத்துச் சுருக்கங்களிடம் வரும்போது சமூகப் பிரச்சினை ஆகிவிடுகிறது. எம்.எல்.ஏ.வுக்கு ஆன். அவரே மந்திரியானால் ஏ. பதவி ஏறும்போது ஒரு ன் பறிபோகிறது. முதல்மந்திரி ஆகிவிட்டால் மாநிலத்துக்கு ஒருவர்தான் என்பதால் தி. எல்.கே.ஜி. பிள்ளைக்கு ஆன், அடுத்த ஜூனில் யு.கே.ஜி. போனதும் ஏ. இங்கேயும் ஒரு எழுத்து குறைகிறது. பீஸ் மட்டும் கூடுகிறது.

சரித்திரத்தைப் பார்த்தால் புத்தகம் கதையைத் தலைகீழாகச் சொல்கிறது. ஏ என்பது உயிரெழுத்தைக் கண்டதும் ஆன் ஆகிறது என்கிறது புத்தகம். உண்மையில் முதலில் இருந்தது ஆன்தான். பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்று பொருள். மெய்யொலிக்கு முன்னால் வந்த இடத்திலெல்லாம் ன் தேய்ந்து உதிர்ந்து ஏ மிஞ்சியது. உதிர்ந்த ன் சும்மாவும் இருக்கவில்லை, பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது, பக்கத்து வீட்டு ன்னை இழுத்தும் வந்தது. கிரிக்கெட் அம்பயர் ஒரு காலத்தில் நம்பயர் போன்ற ஒரு சொல்லாக இருந்தவர். ஏ நம்பயர், ஏ நம்பயர் என்று சொல்லிச் சொல்லி ஆன் அம்பயர் ஆக்கிவிட்டார்கள். ஏப்ரனும் நேப்ரனாக இருந்ததுதான். இவ்வளவு பெரிய எல்.பி.டபிள்யூ. முறையீட்டை அம்பயரே தனக்கு எதிராகச் சந்தித்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். ஆரஞ்சு இன்னும் வேடிக்கை. அந்தச் சொல்லின் வேர் நம் பக்கத்து நாரத்தையில் இருக்கிறது என்பது பலருடைய கருத்து. வடமொழி, பாரசீகம், அரபி என்று ஊர் ஊராகப் போகும்வரை தலையில் ந இருந்தது. ஐரோப்பாவில் இறங்கிய பிறகு, அங்குள்ள ஆர்ட்டிகிள்களின் ன்னோடு ஒட்டி அது காணாமல் போனது. நாம் நாரத்தங்காயை உப்பில் போட்டு ஊறவைத்தோம். அவர்கள் அதன் முதல் எழுத்தையே தின்றுவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம்மகிட்டயும் இதேதானே? ஓர் ஆடு, ஒரு மாடு. உயிருக்கு முன்னால ஓர், மெய்க்கு முன்னால ஒரு" என்று பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். பிள்ளைகளுக்கு அதுவரை அது தெரியாது. தமிழில் யாரும் பின்பற்றாத விதியை இங்கிலீஷில் எல்லாரும் பின்பற்றுகிறார்களா என்று ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி ஆச்சரியப்பட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது.

ஏ, ஆன் எல்லாம் பரவாயில்லை. தி என்று ஒன்று இருக்கிறதே, ஆங்கிலத்தில் அதைவிட அதிகமாகப் புழங்கும் சொல் கிடையாது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால் தி போடு என்பது புத்தகத்தின் முதல் விதி. தி சன், தி மூன்.

"எனக்கு ஒரே ஒரு தாத்தாதான் மிஸ்."

"தாத்தாவுக்குப் போடக் கூடாது."

"சூரியனைவிட எங்க தாத்தா சின்னவரா?"

அடுத்து ஆறுகள். காவிரிக்கு தி, வைகைக்கு தி, கொள்ளிடத்துக்கு தி. "தண்ணி இல்லாதப்பவும் போடணுமா மிஸ்?" போட வேண்டும். மேட்டூரில் திறந்தாலும் மூடினாலும் தி ஓடிக்கொண்டே இருக்கும். மலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. எவரெஸ்டுக்குக் கிடையாது, இமயமலைக்கு உண்டு. தொட்டபெட்டாவுக்குக் கிடையாது, நீலகிரிக்கு உண்டு. தனியாக நின்றால் எவ்வளவு உயரமானாலும் மதிப்பில்லை, கும்பலாக வந்தால் தி. இந்த விதியை மட்டும் பிள்ளைகள் ஒரு தடவையில் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர் நடப்பு அவர்களுக்குத் தெரியாதா என்ன?

கற்ற விதியை அவர்கள் தெருவுக்கும் கொண்டுபோனார்கள். சென்னைக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போய்வந்த ரெட்டைப் பின்னல்காரி, "உலகத்துலயே அது ஒண்ணுதான் நகராம் மிஸ், போர்டுலயே தி நகர்னு போட்டிருக்கு" என்றாள். தியாகராயர் பெயர் அது என்று விளக்குவதற்குள் பல் விழுந்தவன் சுவரைக் காட்டினான். எதிர் வீட்டு மதிலில் பழைய தேர்தல் விளம்பரம். "மிஸ், தி.மு.க.வுல தி இருக்கு. அ.தி.மு.க.வுல அ, தி ரெண்டும் இருக்கே. ஒரே இடத்துல ரெண்டு ஆர்ட்டிகிள் போடலாமா?" 1949க்கும் 1972க்கும் இடையில் நடந்தவற்றை மூன்றாம் வகுப்பு இலக்கணத்துக்குள் அடக்க எனக்குத் தெரியவில்லை. அப்பா அன்று பேப்பரை இறக்கவே இல்லை. பேப்பர் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சந்தேகம் தீர்க்க ரென் அண்ட் மார்ட்டினைப் புரட்டினேன். அந்த ரென், பி.சி. ரென், நம் நாட்டில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924ல் போ ஜெஸ்ட் என்ற சாகச நாவலையும் எழுதியவர். அந்நியப் படையில் சேர்ந்த பையன்கள் பாலைவனத்துக் கோட்டையில் மாட்டிக்கொண்டு தவிப்பார்கள். இலக்கணப் புத்தகத்தின் ஆர்ட்டிகிள் பகுதியும் ஏறக்குறைய அதே கதைதான் என்று இப்போது படுகிறது.

இத்தனைக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு ஏழு பொண்டாட்டியாம். முதல் முறை ஒரு ராஜா. அறிமுகம் ஆனபிறகு அந்த ராஜா. ஏவும் தியும் பெரும்பாலும் இவ்வளவுதான். கேட்கிறவருக்கு ஆளைத் தெரியுமா தெரியாதா என்று சொல்கிறவர் ஒரு கணம் யோசிக்க வேண்டும். சிறு பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த யோசனையில்தான், எந்த மொழியானாலும். "அந்த அண்ணன் என்னை அடிச்சிட்டான்." "எந்த அண்ணன்?" "அதான், அந்த அண்ணன்." அவன் மனசுக்குள் இருக்கும் அண்ணன் நம் மனசுக்குள்ளும் நிற்பதாக அவனுக்கு நினைப்பு. அமெரிக்கக் குழந்தைகள் மூவரின் பேச்சைப் பல காலம் பதிவு செய்து, ரோஜர் பிரௌன் என்ற உளவியல் அறிஞர் 1973ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கவனித்த 14 இலக்கண உருபுகளில் ஆர்ட்டிகிள் அந்தக் குழந்தைகளின் வாயில் எட்டாவதாகத்தான் படிந்தது. வீட்டில் பாலோடு ஆங்கிலம் குடித்தவர்கள் கதையே இது. எங்கள் திண்ணையில் அதை இரண்டு வாரத்தில் எதிர்பார்க்கும் அம்மாக்களிடம் இதைச் சொன்னால், "அதெல்லாம் சரி மிஸ், ஃபில் இன் தி பிளாங்க்ஸ்ல ரெண்டு மார்க் போயிடுச்சே" என்கிறார்கள்.

ராஜா கதையை வைத்தே நடத்தலாம் என்று ஆரம்பித்தேன். நன்றாகப் போனது. "ஒரு ஊர் இல்லை, ஓர் ஊர்" என்று அப்பா நடுவில் புகுந்து தமிழ்நாட்டுப் பாட்டிகள் அத்தனை பேரையும் பெயில் போட்டதைத் தவிர வேறு இடைஞ்சல் இல்லை.

கடைசியில் லீவு லெட்டர் பாடம் வந்தது. இங்கே ஆர்ட்டிகிள் வியாதிக்கு வியாதி ஆள் மாறும். தலைவலிக்கு ஏ. ஜலதோஷத்துக்கு ஏ. ஃப்ளூவுக்கு தி. டைஃபாய்டு, மலேரியா, காலரா இவற்றுக்கு ஒன்றும் வேண்டாம். வெறும் தும்மலுக்கு இருக்கிற மரியாதை காலராவுக்கு இல்லையா என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொண்டு, பதில் இல்லாததால் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் பல் விழுந்தவன் வீட்டில் அத்தை பையனுக்குச் சமயபுரத்தில் காதுகுத்து. அவனே லெட்டர் எழுதி, தன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு வேனில் ஏறிவிட்டான். மத்தியானம் பந்தியில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். காய்ச்சல் எத்தனை நாளாக, எந்த ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை ஆயிற்றா, வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேள்வி மேல் கேள்வி.

மறுநாள் அவர் லெட்டரையும் மகனையும் என் திண்ணையில் கொண்டுவந்து நிறுத்தினார். "மலேரியான்னு எழுதியிருக்கான் மிஸ். நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களாம்."

"காதுகுத்துக்கு ஏவா ஆனான்னு தெரியலை மிஸ்" என்றான் அவன். "இயரா யியரான்னும் தெரியலை. மலேரியான்னா எதுவுமே போட வேண்டாம்னீங்க."

லெட்டரை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆர்ட்டிகிள் பிழை ஒன்றுகூட இல்லை.